துடைத்த அம்பு

வெர்லின் ஹேகனின் கை நடுங்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வரும் டேங்கர் லாரி ஓட்டுவது அவன் பிழைப்பு. ஜனவரி மாதத்தில், உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கும் மலைப்பாதையில், அத்தனை பெரிய வண்டியைப் பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகை வாசலில் ஒட்டி நிறுத்துவான். வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கார் மதுக்கடையின் பின்கூடத்தில் வில் போட்டி நடக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேற்கில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் குளிர்காலப் பொழுதுபோக்கு அதுதான். கையில் பிராந்தி கிளாஸோடு நூறு பேர் கத்திக்கொண்டிருந்தாலும் வெர்லின் வில்லை இழுத்து, ஒரு மூச்சு பிடித்து, கூடத்தின் மறுகோடியில் இருக்கும் காசளவு வட்டத்தில் அம்பைக் கொண்டுபோய் வைப்பான். அவன் வாங்கிய கோப்பைகளைக் கடைக்காரர் பாட்டில்களுக்கு மேலே வரிசையாக அடுக்கியிருந்தார்.

அப்பேர்ப்பட்டவன் வில்லால் ஒரு மான்கூட அடித்ததில்லை.

இது ஊருக்குத் தெரியும், ஆனால் காரணம் தெரியாது. "ஒண்ணும் வரலப்பா," என்பான். "காத்து திரும்பிடுச்சு," என்பான். "சின்னக் குட்டிதான் வந்துச்சு, விட்டுட்டேன்," என்பான். கோப்பைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். நல்ல கொம்புமானுக்காகக் காத்திருக்கிறான், பெரிய மனசுக்காரன் என்றுகூடச் சொன்னார்கள்.

உண்மை என்னவென்றால், மான்கள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் வந்தன. காட்டில் மரத்தில் கட்டிய பரண் மேல் உட்கார்ந்திருப்பான். சருகில் காலடி கேட்கும். அவ்வளவுதான், காதுக்குள் லாரி எஞ்சின் ஓடுகிற மாதிரி இரைச்சல் கிளம்பும். முழங்கால் ஒன்றோடொன்று இடிக்கும். வில்லில் பூட்டிய அம்பு கிடுகிடுவென்று ஆடி உலோகத்தில் தட்டும். அந்தச் சத்தத்துக்கு மான் தலையைத் தூக்கி நேராக அவனைப் பார்க்கும், வெள்ளை வாலை விரித்துக்கொண்டு ஓடிவிடும். சில தடவை வில்லை இழுக்கவே தெம்பு இருக்காது. பாலைவிட வெளுத்த முகத்தோடு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஊரில் இதற்கு மான் காய்ச்சல் என்று பேர். முதல் வருஷம் காட்டுக்குப் போகிற பொடியன்களுக்கு வருவது. ஐம்பதைத் தொடப்போகிறவனுக்கு வந்தது என்று வெளியே சொல்ல முடியுமா? மனைவி ஜெனெல்லிடம்கூட அவன் சொல்லவில்லை.

சொல்லாததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. தீவனக் கடையில் மூட்டை ஏற்றும் கோரி என்கிற இளைஞன் ஒருநாள் மதுக்கடையில் வெள்ளந்தியாகச் சொன்னான், "எனக்கு மானைப் பாத்தா உடம்பெல்லாம் உதறுதுண்ணே. உங்களுக்கெல்லாம் எப்படி உதறாம இருக்கு?" எல்லோரும் வெர்லினைத்தான் பார்த்தார்கள். வெர்லின் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த தடவை உங்கம்மாவையும் பரண்ல கூட்டிட்டுப் போ. கையப் பிடிச்சுப்பாங்க," என்றான். கடையே சிரித்தது. கோரியும் சேர்ந்து சிரித்தான், ஆனால் காது சிவந்துபோயிற்று. வெர்லின் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனான்.

அது நடந்து ஓரிரு வருஷத்துக்குப் பிறகு, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை. ஜெனெல்லின் தம்பி டுவேனுக்கு ஓக் மரங்கள் அடர்ந்த மேட்டு நிலம் உண்டு. அதில் ஒரு கோடியில் டுவேனும் மறுகோடியில் வெர்லினுமாக விடியும் முன்பே பரண் ஏறியிருந்தார்கள். வெயில் மரக்கிளைக்குள் இறங்குகிற நேரத்தில் பெட்டை மான் ஒன்று கீழே வந்து ஓக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது. நன்றாக வளர்ந்த மான். கல்லெறி தூரம்கூட இல்லை. பின்கூடத்து வட்டத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய இலக்கு.

நடுக்கம் வந்தது. வெர்லின் இந்தத் தடவை மரத்தைக் கட்டிப் பிடிக்கவில்லை. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று தோன்றியது. வில்லை வெடுக்கென்று இழுத்தான், மான் இருக்கிற பக்கமாகத் திருப்பினான், கண்ணை மூடிக்கொண்டு, நாணை விடுவிக்க மணிக்கட்டில் கட்டியிருந்த விசையை அமுக்கினான். ஈரத் துணியைச் சுவரில் அடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது மான் முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாகப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

கீழே இறங்கினான். உடம்பை ஊடுருவிப் போன அம்பு மண்ணில் குத்தி நின்றது. பிடுங்கிப் பார்த்தான். ரத்தம் கொஞ்சம்தான் இருந்தது. அம்பு நெடுக, அரைத்த புல்லைப் போலப் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோகவே வேண்டியதில்லை, நாற்றம் தானாக வந்தது. வயிறு. வேட்டைக்குப் போகிற எவனுக்கும் இது தெரியும். வயிற்றில் பட்ட மான் உடனே சாகாது. பக்கத்திலேயே எங்காவது போய்ப் படுக்கும். அதைத் தொந்தரவு செய்யாமல் சத்தமில்லாமல் காட்டைவிட்டு வெளியேறி, பொழுது சாய்கிறவரை காத்திருக்க வேண்டும். படுத்த இடத்திலேயே அதன் உயிர் போகும். அவசரப்பட்டுத் துரத்தினால் அந்த வேதனையோடே எழுந்து ஓடும்.

மேட்டிலிருந்து டுவேன் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வெர்லின் அம்பைப் புல்லில் அழுத்தித் துடைத்தான். கறை போகவில்லை. கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, இறகு வரைக்கும் துடைத்தான். கைக்குட்டையைச் சுருட்டி உள்பையில் திணித்தான். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கை அந்த வேலையை மட்டும் ஆடாமல் செய்தது.

"விட்ட சத்தம் கேட்டுச்சு மச்சான். என்ன ஆச்சு?" என்று டுவேன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"பட்டுடுச்சு. பெட்டை."

"அட. எங்க?"

"தோளுக்குப் பின்னாடி. நல்ல அடி."

டுவேன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "இத்தனை வருஷத்துக்கு இன்னிக்குத்தான் விடிஞ்சிருக்கு. அக்காகிட்ட சொல்லி அந்தப் பெரிய சட்டிய எடுத்து வைக்கச் சொல்லணும்." தோளுக்குப் பின்னால் என்றால் நுரையீரல். அதில் பட்டிருந்தால் மான் அந்நேரத்துக்குச் செத்துக் கிடந்திருக்க வேண்டும். ஆகவே இருவரும் தேடப் போனார்கள். ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. "ஆர்லிஸக் கூப்பிட்டுருவோம்," என்றான் டுவேன். வெர்லின் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் வேண்டாம் என்பதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஆர்லிஸ் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள். காயம்பட்ட மானை மோப்பம் பிடிக்கும் நாய் ஒன்று வைத்திருந்தார், கட்டைக்கால், கம்பி மாதிரி முடி, கிரெட்டா என்று பேர். வந்து இறங்கியதும் ஆர்லிஸ் கேட்டது ஒன்றுதான்: "அம்பு எங்க?"

வெர்லின் நீட்டினான். அவர் வெயிலுக்குப் பிடித்து உருட்டிப் பார்த்தார்.

"துடைச்சியா?"

"பழக்க தோஷம். அழுக்கா இருந்துச்சு."

"எங்க பட்டுச்சு?"

"தோளுக்குப் பின்னாடி."

"ரத்தம் இவ்வளவு கம்மியா இருக்கே?"

"கொஞ்சம் மேல்பக்கமாப் பட்டிருக்கும். உள்ளுக்குள்ளயே ரத்தம் தங்கியிருக்கும்."

ஆர்லிஸ் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தார். "வேற யாரா இருந்தாலும் சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டுப் போயிருவேன்," என்றார். "நீ சொல்றே. உன் கண்ணு தப்பாது." நாயின் கயிற்றை நீளவிட்டார்.

அவர் நம்பியிருக்க வேண்டாம் என்று வெர்லினுக்கு இருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அரித்தது. ஒவ்வொரு புதராகத் தாண்டும்போதும் இந்தப் புதருக்கு அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கிரெட்டா மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, முள்ளுக்குள் நுழைந்தது. திடீரென்று கயிறு விறைத்தது. முன்னால் முட்செடிகள் அசைந்தன. மான் எழுந்து நின்றது.

எழுந்து நின்று அவர்களைப் பார்த்தது. ஓடும் என்று நினைத்தார்கள். அதற்கு ஓடத் தெம்பில்லை. வாலை இடுக்கிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, கிழட்டு மாடு கொட்டகைக்குப் போகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தது. வேலியண்டை போய், தாண்ட முயன்று, கால் தட்டி அந்தப் பக்கம் விழுந்து, மறுபடியும் எழுந்து, சோளக் கொல்லைக்குள் மறைந்தது.

ஆர்லிஸ் மான் படுத்திருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தார். சருகெல்லாம் கறுத்த தண்ணீராய் நனைந்திருந்தது. ஓர் இலையை எடுத்து வெர்லினின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது என்ன?"

வெர்லின் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அம்புலயும் இதுதானே இருந்துச்சு?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அதான் துடைச்சேன்."

டுவேன், "ஏன் மச்சான்?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"கை நடுங்கிடுச்சு. எப்பவும் நடுங்கும். கண்ண மூடிக்கிட்டு விட்டேன்." இத்தனை வருஷம் நெஞ்சில் பாறையாகக் கிடந்தது, வெளியே வரும்போது மூன்று துண்டு வாக்கியமாகத்தான் இருந்தது.

ஆர்லிஸ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நடுங்கினதுக்கு உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல," என்றார். "காலைலயே சொல்லியிருந்தா அது இந்த முள்ளுக்குள்ளயே மத்தியானம் போல அடங்கியிருக்கும். இப்ப நாமதான் எழுப்பி நடக்க விட்டிருக்கோம். நான், என் நாய், எல்லாரும் சேர்ந்து. அதான் எனக்கு ஆறல." நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

சோளக் கொல்லை எல்டன் என்பவருடையது. அடுத்தவர் நிலத்தில் தேட வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதைக் கேட்கும் வேலை வெர்லினுடையது. எல்டன் பண்ணைப் பாலை ஏற்றுகிறவனும் அவனே. வழக்கமாக லாரியோடு போய் நிற்கும் கொட்டகை வாசலில் வெறுங்கையோடு போய் நின்று நடந்ததைச் சொன்னான். எல்டன் கறவைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்குக் காலைல போய்த் தேடிக்க," என்றார். குழாயை உதறி மாட்டிவிட்டு, "எங்க மாட்டுக்கு மடி வீங்கினாக்கூட எப்படி இருக்குன்னு நீ கேட்டுட்டுத்தானே போவே," என்றார். அடுத்த குழாயை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெர்லினும் டுவேனும் மானைக் கண்டுபிடித்தார்கள். கயோட்டி நரிகள் முந்திக்கொண்டுவிட்டன. பின்பாதி முழுக்க இல்லை. நரிகள் வந்தபோது உயிர் இருந்ததா இல்லையா என்று யாரும் பேசவில்லை. அந்த வருஷத்துக்கு ஒரு மான் அடிக்கத் தனக்குத் தந்திருந்த அனுமதிச் சீட்டை வெர்லின் அதன் காதில் கட்டினான். மிச்சமிருந்த கழுத்தையும் முன்னங்கால்களையும் அறுத்துத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனான். ஜெனெல் கேட்டாள், அவன் முழுவதும் சொன்னான். அவள் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சமையல் மேடையில் வைத்தாள். "எனக்கு அந்த அம்பைப் பத்திகூட வருத்தம் இல்ல வெர்லின்," என்றாள். "கூடவே இருக்கேன். என்கிட்டயும் காத்து திரும்பிடுச்சுன்னே சொல்லிட்டு வந்திருக்கியே." அந்த வாரம் சூப்பு வைத்தாள். அவன் தட்டைக் காலி செய்தான். ருசி தெரிந்து சாப்பிட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை.

டுவேன் கெட்டவனில்லை, ஆனால் வாய் நிற்காது. வாராவாரம் வெள்ளிக்கிழமை போடும் மீன் வறுவல் விருந்துக்கு ஜெனெல்லோடு ஸ்கார் கடைக்குப் போனபோதே கதை தனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பது வெர்லினுக்குத் தெரிந்தது. யாராவது கிண்டல் செய்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தான். யாரும் செய்யவில்லை. மழை வருமா என்று கேட்டார்கள். பால் விலை பற்றிப் பேசினார்கள். ஒருவரும் கோப்பைகள் இருந்த பக்கம் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தக் குளிர்காலம் வில் போட்டிக்குப் பேர் கொடுக்காமல் விட்டான்.

அடுத்த வாரம் லாரியை ஆர்லிஸ் வீட்டு முன் நிறுத்தினான்.

"நாய்க்குப் பின்னாடி நானும் வரட்டுமா? முள்ளு வெட்ட, தூக்க, எதுக்காவது."

"எதுக்கு, பாவம் கழிக்கவா? அதுக்குத்தான் சர்ச்சு கட்டி வெச்சிருக்காங்க."

"அதுக்கு இல்ல."

"வேற எதுக்கு?"

"தெரியல. வீட்ல உக்கார முடியல."

ஆர்லிஸ் கதவை அடைக்கப்போனார். அடைக்கவில்லை. "பூட்ஸ் உயரமானதாப் போட்டுட்டு வா," என்றார்.

அப்படி அந்த வருஷம் பாக்கியிருந்த வேட்டைக் காலம் முழுக்க, பால் எடுத்து முடித்த நேரங்களில் அவன் கிரெட்டாவின் பின்னால் நடந்தான். கூப்பிடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "தோளுக்குப் பின்னாடி. நல்ல அடி." சொல்லும்போது கண் எங்கேயோ போகும், கை சட்டைப் பித்தானைத் திருகும். தன் முகத்தையே வேறு வேறு தொப்பிகளுக்குக் கீழே பார்ப்பது போல வெர்லினுக்குக் கூசியது. ஆர்லிஸ் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பார். சிலர் கடைசியில் ஒப்புக்கொள்வார்கள். நடுக்கம் தனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது அப்படித்தான். தெரிந்ததில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் வருவதை மறைக்கவா அந்த மானை அப்படி நடக்கவிட்டேன் என்றுதான் தோன்றியது.

நவம்பரில் ஒருநாள் கூப்பிட்டது தீவனக் கடைக் கோரி. ஆர்லிஸ் கேட்பதற்கு முன்பே சொன்னான்: "வயித்துலதான் பட்டிருக்கும்மா. உதறல்ல கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு. காலைல அடிச்சேன். உடனே இறங்கி வந்துட்டேன், அதைத் துரத்தி ஒரு அடி போகல. அம்பு இதோ இருக்கு, அப்படியே வெச்சிருக்கேன்."

பொழுது சாயப் போனார்கள். மான் முதல் படுக்கையிலேயே, காலை மடக்கி, தூங்குகிற மாதிரி இறந்து கிடந்தது. கிரெட்டாவுக்கு வேலையே இல்லை. ஆர்லிஸ் வண்டியைக் கொண்டுவரப் போனபோது இரண்டு பேரும் தனியாக நின்றார்கள்.

"கோரி, அன்னிக்குக் கடையில நான் ஒண்ணு சொன்னேன்," என்று வெர்லின் ஆரம்பித்தான். "உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ."

"இருக்குண்ணே."

"எனக்கும் அப்ப நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"டுவேன் அண்ணன் சொன்னாரு." கோரி மானின் காதில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டான். "நீங்க அப்படிச் சொன்ன பிறகு ரொம்ப நாள் நான் அந்தக் கடைக்கு வரல. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டேன்."

வெர்லின் மன்னிப்புக் கேட்டான். கோரி, "சரிண்ணே," என்றான், பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு, பேச்சை மாற்றுகிறவன் போல, "நான் இப்பல்லாம் நடுங்கறப்ப வில்லத் தூக்கறதே இல்ல," என்றான். "மானோட முன்னங்கால மட்டும் பாத்துக்கிட்டு மெதுவா மூச்சு விட்டுட்டு உக்காந்திருப்பேன். நடுக்கம் இறங்கினா இழுப்பேன். இறங்கலன்னா போகட்டும்னு விட்டுருவேன். இந்தத் தடவைதான் பேராசைல பொறுக்காம அம்ப விட்டுட்டேன்."

மறு வருஷம் பருவம் தொடங்கியதும் வெர்லின் பரண் ஏறினான். அம்பு எடுத்துப் போகவில்லை. வில்லைக் கிளையில் மாட்டிவிட்டு வெறுமனே உட்கார்ந்தான். மான் வந்தது, உடம்பு உதறியது, உதறட்டும் என்று விட்டான். முன்னங்காலைப் பார்த்தான். மூச்சை விட்டான். பல நாள் மான் போன பிறகும் உதறல் போகவில்லை. டுவேன், "என்ன மச்சான், மானுக்கு வாட்ச்மேன் வேலை பாக்கறியா?" என்றான். "ஆமா, சம்பளம்தான் இல்ல," என்றான் வெர்லின்.

பிறகு அம்போடு போனான். முதல் மானுக்கு வில்லைத் தூக்கவில்லை. இன்னொன்றுக்கு இழுத்துவிட்டு, முழங்கால் ஆடியதால், அம்பை விடாமல் மெதுவாக நாணைத் தளர்த்திவிட்டான். இலையெல்லாம் உதிர்ந்த ஒரு காலையில் பெட்டை மான் ஒன்று பக்கவாட்டில் வந்து நின்றது. முன்னங்காலைப் பார்த்தான். நெஞ்சு அடித்தது, ஆனால் இழுத்த வில் ஆடாமல் நின்றது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அம்பு போவதும் அது உள்ளே நுழைவதும் தெரிந்தது. மான் பாய்ந்து ஒரு புதருக்குப் பின்னால் மறைந்தது.

அம்பில் நுரைத்த, செக்கச்செவேலென்ற ரத்தம். நுரையீரல்தான், பார்க்கிற எவனுக்கும் சந்தேகம் வராது. வெர்லினுக்குச் சந்தேகம் இருந்தது. டுவேன் வந்ததும் துடைக்காத அம்பை அவன் கையில் கொடுத்தான்.

"நல்ல அடி மாதிரிதான் தெரியுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். மத்தியானம் வரைக்கும் காத்திருக்கலாம்."

"மச்சான், இந்த ரத்தத்தப் பாத்துமா? இது இப்பவே செத்திருக்கும்."

"இருக்கலாம். காத்திருக்கலாம்."

மரத்தடியில் உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச்சையும் ஃபிளாஸ்க் காப்பியையும் தீர்த்தார்கள். டுவேன் குளிரில் காலைத் தட்டிக்கொண்டு முனகிக்கொண்டே இருந்தான். மத்தியானம் எழுந்து போய்ப் புதரை விலக்கினால், அந்தப் புதருக்கு நேர் பின்னாலேயே மான் கிடந்தது. உடம்பு விறைத்துப்போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

"நாம தின்னத எல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டு இங்கயே படுத்திருக்கு," என்றான் டுவேன்.

வெர்லின் சிரித்தான். சிரித்துக்கொண்டே மண்டியிட்டுக் கத்தியை எடுத்தான். போன வருஷத்து மான் வேலியில் கால் தட்டி விழுந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. டுவேன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் கையை அவன் மறைக்கவில்லை.

"குடு, நான் அறுக்கறேன்," என்று டுவேன் கத்தியை வாங்கிக்கொண்டான். "நீ அந்தக் கால நல்லா விரிச்சுப் பிடி."

வெர்லின் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டான்.